ஊசி போடக் கூடாத கை

பாம்பூஃப்ளாட்
அந்தமான்
11.6.2025

சௌமியா அப்பாவுக்கு,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டே முக்கால். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். மாடிவீட்டு நந்தகுமார் சார் விடிந்ததும் மெயின்லேண்ட் போகிறார். நீங்கள் தங்கியிருக்கும் குரோம்பேட்டை வழியாகத்தான் போவாராம், "லெட்டர் கிட்டர் இருந்தா குடும்மா" என்றார். ஆள் கிடைத்ததற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறி ஒன்பது நாளாகிறது. ஒன்பது நாளும் இந்த நேரத்தில் மனசுக்குள் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? வலி காது வரைக்கும் இழுக்கிறது என்றீர்களே, மாத்திரைக்குக் கேட்கிறதா? போனில் விசாரித்தால் "ம்" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் விசாரித்தால் கட்டைவிரல் படம் வருகிறது. மதினி வேறு போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொள்கிறார். "அவனுக்குப் பேசுனா வலிக்குதுல்ல, நீ என்னைக் கேளு, நான் சொல்றேன்" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் உங்களிடம் கேட்க வேண்டியதை உங்கள் அக்காவிடம் எப்படிக் கேட்பேன்? அதனால்தான் காகிதம். பேச வலிக்கிறவர் எழுதலாம் இல்லையா?

பிப்ரவரியில் நாக்கு ஓரத்தில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்றைக் காட்டினீர்கள். "பல்லு குத்தியிருக்கும், தேன் தடவுங்க" என்றேன். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் சொன்ன வைத்தியம். நீங்களும் சூக்காப் புகையிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டே மறுபக்கம் தேன் தடவினீர்கள். மே மாதம் வரை. அந்த மூன்று மாதத்தை நினைக்காமல் ஒரு நாளும் படுக்கவில்லை.

ஷெட்டைப் பெரியதம்பி அண்ணன் திறந்து வைத்திருக்கிறார். "தொறக்கிறதோட சரி தங்கச்சி. ஹேவ்லாக்ல இருந்து ரெண்டு இன்ஜின் வந்து கெடக்கு. நமக்குக் கழட்டத் தெரியும், மாட்டத் தெரியாது" என்று சிரிக்கிறார். நேற்று படகுத்துறை ஜெட்டியில் பெங்காலிப் படகுக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "பாபி, லெஃப்டி மிஸ்திரி கப் ஆயேகா?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் வந்துவிடுவார் என்றேன். எனக்கே தெரியாததை எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் பாருங்கள்.

மதினியின் மூட்டுவலி தேவலையா? உங்கள் ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

கார்த்திகா


குரோம்பேட்டை
16.6.2025

கார்த்திகாவுக்கு,

சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்கணும். கடிதமும் கருவாடும் வந்தன. கருவாட்டை அக்கா வறுத்தாள். நான் வாசனையைச் சாப்பிட்டேன்.

தேனை விடு. சூக்காவை நீயா என் வாயில் வைத்தாய்?

ஆபரேஷன் ஜூலை பத்து. இரண்டு டாக்டர்கள். ஒருவர் வெட்டுவார். நாக்கில் இடது பாதி, கழுத்தில் நெறி கட்டிய பக்கம். இன்னொருவர் டாக்டர் ஸ்ரீதர், சின்ன வயசு. அவர் கட்டுவார். மணிக்கட்டுக்கு மேல் இருக்கிற தோலை ரத்தக்குழாயோடு எடுத்து, நாக்காக மடித்துத் தைத்து, குழாயைக் கழுத்துக் குழாயில் இணைப்பாராம். நாம் ஹோஸ் மாற்றுகிற மாதிரி. தொடைத் தோல் தடிப்பு, அதில் செய்தால் நாக்கு கட்டையாகக் கிடக்கும். மணிக்கட்டுத் தோல்தான் மெலிசு, புரளும் என்றார். எடுத்த பள்ளத்தில் தொடையிலிருந்து மேல்தோல் சீவி ஒட்டுவார்கள்.

மணிக்கட்டில் இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்தார். கை வெளுத்தது. ஒரு பக்கத்தை மட்டும் விட்டு எத்தனை நொடியில் சிவக்கிறது என்று பார்த்தார். பெட்ரோல் லைன் செக் பண்ணுவது மாதிரியே. மனுஷன் நம்ம இனம்தான்.

கைத்தோலில் முடி இருந்தால் வாய்க்குள்ளும் முளைக்குமாம். இன்னொரு ஷேவிங் செட் வாங்கி வை.

தோல் எடுக்கப் போகிற இடது கையில் மார்க்கரால் "ஊசி போடக் கூடாது" என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தம் எடுப்பதெல்லாம் இனி வலது கையில்தான். குளித்தாலும் எழுத்து போகவில்லை.

பாப்பாவுக்கு இருமல் வந்தால் மழையில் ஃபெர்ரிக்குக் கூட்டிப் போகாதே.

சுதாகர்


பாம்பூஃப்ளாட்
21.6.2025

சௌமியா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தைக் கேட்கும் முன் இதைக் கேட்டுவிடுகிறேன். இடது கையா?

உங்கள் கடிதத்தைச் சோறு வடிக்கும்போது படித்தேன். கஞ்சி என் காலில் கொட்டிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, லேசாகச் சிவந்ததோடு சரி. உடனே போன் போட்டேன். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். "மதினி, அவங்க எடது கைக்காரங்க. ஜெட்டியில சுதாகர்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, லெஃப்டின்னாத்தான் தெரியும். டாக்டர்ட்ட சொல்லுங்க" என்றேன். அதற்கு அவர், "எங்க வீட்டுல பீச்சாங்கைப் பழக்கம் யாருக்கும் கெடையாதும்மா. சின்னதுல இருந்துச்சு, நான்தான் மாத்துனேன். திங்கிறது, எழுதுறது எல்லாம் சோத்தாங்கைதான். ஆறு வருசமா சோறு போடுறியே, நீ பாக்கல?" என்றார்.

நீங்கள் "ம்" என்றீர்கள். யாருக்கு அந்த "ம்"?

பார்த்திருக்கிறேன். வீட்டில் வலது கை, ஷெட்டில் இடது கை. கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தூக்கோடு ஷெட்டுக்கு வந்தவள், வேறு யாரோ ஒரு ஆள் நம் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு வேகம், அவ்வளவு சுலபம்.

இரவெல்லாம் இந்த ஆபரேஷனைப் பற்றித் தேடிப் படித்தேன். தோல் எடுத்த கையில் கட்டைவிரலின் அடி மரத்துப் போகலாம். பிடி குறையலாம். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்குக் கடைசிவரை. அதனால்தான் நுணுக்கமான வேலைக்குப் பழகாத கையாகப் பார்த்து எடுக்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டருக்குள் விரலை விட்டு, அடைப்பு எங்கே என்று சொல்கிறவர். அது எந்தக் கை விரல்?

டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை. வலித்தால் எழுதிக் காட்டுங்கள். உடனே.

கார்த்திகா


குரோம்பேட்டை
26.6.2025

கார்த்திகாவுக்கு,

சுகம். காலுக்கு மருந்து போட்டாயா? லேசாகச் சிவந்தது என்று நீ எழுதினால் கொப்புளம் என்று அர்த்தம்.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் கேட்டது இதுதான்: "எந்தக் கையில சாப்பிடுவீங்க? எந்தக் கையில எழுதுவீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வலது என்று சொல்லிவிட்டாள். பொய் இல்லையே. அப்படிக் கேட்டால் அதுதான் பதில்.

அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது. அக்காவுக்குப் பதினேழு. என் இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டுத்தான் தட்டை வைப்பாள். தாயில்லாப் பிள்ளை, பழக்கம் சொல்லித்தர ஆளில்லை என்று பரமக்குடியில் யாரும் பேசிவிடக் கூடாது. ஒரு வருஷம் கட்டினாள். அப்புறம் கட்டத் தேவைப்படவில்லை. அவள் செய்து முடித்த காரியங்களில் அதுதான் அவளுக்குப் பெரிசு. தீவுக்கு வந்த பிறகு நான் எந்தக் கையால் ஸ்பேனர் பிடிக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவைகூட வந்ததில்லை.

இப்போது சத்துணவுக் கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு டோக்கன் எடுக்க வரிசையில் நிற்கிறாள், அந்த மூட்டோடு. அவள் சொன்னது தப்பு என்று அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொல்ல என்னால் ஆகாது.

வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

விட்டுவிடு. நீயும் சொல்லாதே.

சுதாகர்


பாம்பூஃப்ளாட்
30.6.2025

மதிப்பிற்குரிய டாக்டர் ஸ்ரீதர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை பத்தாம் தேதி தாங்கள் ஆபரேஷன் செய்யவிருக்கும் அந்தமான் நோயாளி சுதாகரின் மனைவி நான். என்னைத் தங்களுக்குத் தெரியாது. குழந்தைக்கு இழுப்பு வருவதால் இங்கேயே இருக்கிறேன்.

என் கணவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார், எழுதுகிறார் என்று கேட்டீர்கள். எங்கள் வீடுகளில் இடது கைப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டையும்தான் முதலில் மாற்றிவிடுவார்கள். எந்தக் கையால் வேலை செய்கிறார் என்று கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அவர் படகு இன்ஜின் மெக்கானிக். இடது கைக்காரர். அவருடைய வேலையெல்லாம் அந்த விரல் நுனியில்தான் இருக்கிறது.

எந்தக் கையில் தோல் எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இன்னொரு தடவை அவரிடம் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியதாகத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். சொல்லாதே என்று அவர் தடுத்த பிறகும் எழுதுகிறேன்.

பணிவுடன்
கார்த்திகா சுதாகர்


பாம்பூஃப்ளாட்
30.6.2025

சௌமியா அப்பாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீங்களும் மதினியும் சௌக்கியம்தானே? காலில் கொப்புளம்தான், உடைந்து ஆறிவிட்டது. நீங்கள் சொன்னது சரி.

இன்று பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய் வந்தேன். போஸ்ட் ஆபீசில் சின்ன வேலை. நல்ல மழை. திரும்பும்போது படகு அரை மணி நேரம் தாமதம்.

சிப்பிகாட்டிலிருந்து அம்மா கீரையும் பப்பாளியும் கொடுத்து அனுப்பியிருந்தாள். பப்பாளி இனித்தது. உங்களுக்கு இனிமேல் இந்த மாதிரி மெத்தென்றுதானே கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாதியை வைத்துவிட்டேன்.

நீங்கள் விட்டுவிடச் சொன்னதைப் பற்றி இனிமேல் பேசவில்லை.

கார்த்திகா


சென்னை
8.7.2025

கார்த்திகாவுக்கு மங்கையர்க்கரசி எழுதுவது.

இங்கு நலம். உன் நலமும் பிள்ளை நலமும் வேண்டும். சத்துணவுப் பதிவேட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாதவள் நான். போனில் சொன்னால் சண்டையாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று அட்மிஷன். டாக்டர் ஸ்ரீதர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு ஸ்பீட் போஸ்ட் கவர் கிடந்தது. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? டாக்டர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் கவரை எடுத்து உள்ளே வைக்கவும் அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, இந்த நாற்காலி ரொம்ப நாளா ஆடுது. நீங்க மெக்கானிக்தானே, ஒரு முடுக்கு முடுக்கிக் குடுங்களேன்" என்று ஸ்குரூ டிரைவரை நீட்டினார். இவன் என்னைப் பார்த்தான். வலது கையால் வாங்கினான். குனிந்து வலது கையாலேயே திருகினான். வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. முதல் நாள் வேலைக்கு வந்தவன் மாதிரி. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. துண்டால் கட்டிப்போட்டு நான் சோறு வைத்தபோதும் இப்படித்தான் கார்த்திகா. அழ மாட்டான். வலது கையால் சிந்திச் சிந்தித் தின்பான், என்னை ஏறெடுத்துப் பார்க்காமல். எனக்காகத்தான் திருகத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போது புரிந்தது.

"எடது கையில எடுடா" என்றேன்.

அவன் நிமிரவில்லை.

"எடுடாங்கிறேன்ல."

மாற்றினான். மூன்றே திருகு. நாற்காலி அசையாமல் நின்றது. டாக்டர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "முதல்லயே இதை நான் கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடதுதான்" என்றார். வலது மணிக்கட்டையும் அமுக்கி விட்டுப் பார்த்தார். சரியாகச் சிவந்தது. சம்மதமா என்று இவனைக் கேட்டார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். இடது கை எழுத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு வலது கையில் எழுதினார்கள்.

நான் வீம்புக்கு வலது என்று சொன்னதாகத்தானே நினைத்திருப்பாய்? வலது கையை வெட்டிவிட்டால் இவன் எந்தக் கையால் தின்பான் என்றுதான் நினைத்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் பார்க்க இடது கையால் பிசைவானா? என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். இரண்டு தடவை கூப்பிட்டு, "மதினி, வேலை போயிரும்" என்று அழுதிருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன். என்னைத் தாண்டி எழுதிவிட்டாய்.

அவனும் கவரைப் பார்த்தான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். சாமிக்கு விளக்குப் போடு.


பாம்பூஃப்ளாட்
18.7.2025

சௌமியா அப்பாவுக்கு,

எட்டு நாளாகிறது. பதினோரு மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று மதினி அழைத்தபோது நான் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். எதற்காக அங்கே போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். பதில் சொல்ல உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று தெரியும். கழுத்தில் துளை போட்டுக் குழாய். வாயில் தையல். மூக்கு வழியாகச் சாப்பாடு. வலது கையில் முழங்கை வரை கட்டு.

இதை நான் யோசிக்கவே இல்லை. இடது கை, இடது கை என்று மட்டும்தான் எனக்கு இருந்தது. கழுத்துக் குழாய் எடுக்கும்வரை நோயாளிகள் பலகையில் எழுதிக் காட்டுவார்கள் என்று நானே படித்திருக்கிறேன். எந்தக் கையால் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

மதினியிடம் வீடியோவில் காட்டச் சொன்னேன். மின்விசிறியைக் காட்டினார். "அவன் வேணாங்குறான்" என்றார். எப்படிச் சொன்னீர்கள் வேண்டாம் என்று? கையை ஆட்டியா?

டாக்டருக்கு எழுதியது நான்தான். உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நானே சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கிறேன்.

கார்த்திகா


பாம்பூஃப்ளாட்
3.8.2025

சௌமியா அப்பாவுக்கு,

நலமா? குழாய் எடுத்துவிட்டார்கள், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாயிற்று, பேச்சுப் பயிற்சி ஆரம்பித்தாயிற்று என்று மதினி சொன்னார். ஆறு நாளாகத் தினமும் மாலையில் போன் செய்கிறேன். நீங்கள் வாங்குவதில்லை. பேச்சு தெளிவில்லை, அதனால்தான் என்று மதினி சொல்கிறார். கட்டைவிரல் படம்கூட வருவதில்லையே. அதற்குத் தெளிவு வேண்டாமே.

பாப்பா கேட்டாள், "அப்பா எம்மேல கோவமா?" இல்லை, உன்மேல் இல்லை என்றேன். "அப்ப யார் மேல?" என்றாள்.

தூக்கம் பிடிக்கவில்லை. துணியை மடித்து வைக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். கரண்டு போனால் நல்லது என்று இருக்கிறது, சும்மா உட்கார ஒரு காரணமாவது கிடைக்கும்.

ஒரு வரி. திட்டி எழுதினாலும் சரி.

கார்த்திகா


குரோம்பேட்டை
10.8.2025

கார்த்திகாவுக்கு மங்கையர்க்கரசி எழுதுவது.

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். உன் இரண்டு கடிதமும் வந்தன. அவன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். படித்தானா என்று கேட்காதே, மூலை மடங்கிப் போயிருக்கிறது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. வெட்டிய ஓரங்களில் புற்று எதுவும் இல்லையாம். கழுத்தில் ஒரே ஒரு நெறியில் மட்டும் இருந்ததாம். அதனால் கதிர் பாய்ச்சுகிற கரண்ட் முப்பது தடவை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கடைவாய்ப் பல் மூன்றை நேற்றுப் பிடுங்கினார்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் பட்ட பாட்டை உன்னிடம் போனில் சொல்லவில்லை. மணிக்கொரு தடவை நர்ஸ் ரெங்கம்மா வந்து அந்தப் புது நாக்கை ஊசியால் குத்துவாள். சிவப்பாகச் சொட்டினால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். கறுத்து வந்தால் திரும்ப தியேட்டர். நாற்பத்தெட்டு தடவை குத்தினாள். நாற்பத்தெட்டும் எனக்குக் குத்தின மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் சிவப்பாகவே வந்தது.

வலது கையில் ஒட்டின தோல் ஓரத்தில் பிடிக்கவில்லை. மணிக்கட்டை அசைக்கக் கூடாது என்று மறுபடி பட்டை கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் ஆகலாம்.

எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நாற்காலியை முடுக்கினானே, அன்றைக்கே பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது, இருக்கட்டும். அவனுக்கு என்ன என்று நீயே கேட்டுக்கொள். ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய காலண்டர் பின்னால் என்னவோ கிறுக்குகிறான். நான் போனால் கவிழ்த்துவிடுகிறான்.


குரோம்பேட்டை
19.8.2025

கார்த்திகா,

சுகம். இது இடது கை. கோணலாக இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வரிதான் முடிகிறது. ஒன்பது நாளாக எழுதுகிறேன்.

நீ செய்தது தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதப் பழகினேன்.

கை பிழைத்தது. ஸ்பேனர் பிடிக்கும். அதற்கு நன்றி. அது வேறு கணக்கு.

வேறு ஒரு காரணம் என்று எழுதினேன் அல்லவா. பேச்சு பழையபடி வராது என்று டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தார். உனக்குச் சொல்லவில்லை. வாய் போனால் எழுதுகிற கையாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஸ்பேனரைப் பெரியதம்பி அண்ணன் பிடிப்பார். பாப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதை யார் எழுதுவார்? அதை உனக்கு எழுதாதது என் தப்பு. எழுதியிருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய்.

டாக்டர் சம்மதமா என்றபோது தலையாட்டினேன். அக்கா அப்படிச் சொன்ன பிறகு வேறு எப்படி ஆட்டுவது.

கழுத்துக் குழாயோடு கிடந்த பன்னிரண்டு நாள். தாகம் என்று சொல்ல வழி இல்லை. இடது கையால் எழுதினேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை. அப்போது உன்மேல் வந்த கோபம் இது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தை என் இடது பக்கம் வைக்கிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

புது நாக்கு சூடு அறியவில்லை. ருசி பாதிதான். கரண்ட் நேற்று ஆரம்பித்தார்கள்.

முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. நீயும் பாப்பாவும் வர வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

சுதாகர்


பாம்பூஃப்ளாட்
26.8.2025

சௌமியா அப்பாவுக்கு,

இப்போதும் நேரம் கெட்டுத்தான் போயிருக்கிறது, ஒன்றரை மணி. நாங்கள் நலம். கரண்ட் வைத்த இடம் எரிகிறதா? தோலில் டாக்டர் சொல்லாத எதையும் தடவ வேண்டாம், மதினி தேங்காய் எண்ணெயோடு வந்தாலும் சரி.

உங்கள் கடிதத்தைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. சில இடத்தில் எழுத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். பாப்பாவிடம் முதல் நான்கு வரி மட்டும் காட்டினேன். சிவப்பு கிரேயானை எடுத்து, அவளுடைய மிஸ் போடுவதைப் போல ஒரு டிக் போட்டாள். "சுகம்" என்பதில் "சு" சரியில்லை என்றாள். அழித்துவிட்டு எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கையைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் பொய்யாகிவிடும். ஆனால் நீங்கள் எழுதியது சரி. அந்தக் காரணத்தை அன்றைக்கே எழுதியிருந்தாலும் நான் டாக்டருக்கு எழுதித்தான் இருப்பேன். உங்களுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் உங்களைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுவதில்லை. தாகத்தோடு கிடந்தேன் என்று நீங்கள் எழுதிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதினியின் கடிதம் வந்த மறுநாளே கப்பல் டிக்கெட் இரண்டு எடுத்துவிட்டேன். செப்டம்பர் ஆறாம் தேதிக் கப்பல், எனக்கும் பாப்பாவுக்கும். யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. வந்து நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். பாப்பாவின் கவுனைக்கூடப் பெட்டியில் வைத்தாயிற்று. உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மத்தியானம் ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போய், கப்பல் ஆபீஸ் வரிசையில் நின்று இரண்டையும் ரத்து செய்துவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா பெஹன்ஜி, ஜானா நஹீ ஹை?" என்றார், போகவில்லையா என்று. தெரியவில்லை, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன். நானும் பாப்பாவும் வரலாமா, வேண்டாமா? முகத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் உங்களை இழுப்பது போலாகிவிடும். வாருங்கள் என்றால் அடுத்த கப்பலில் வருகிறோம். வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறோம். இருப்பேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது, ஆனால் இருப்பேன். மதினியைக் கேட்க மாட்டேன். டாக்டருக்கு எழுத மாட்டேன். உங்கள் கையால் வர வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று வரிதான் முடியும் என்கிறீர்கள். இதற்கு ஒரே வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

கார்த்திகா